ஆக்சஸ் பாயிண்டின் ரேடியோ பக்கம்: நான் தொடும் வரிசை

"சிக்னல் ஃபுல்லா காட்டுது தம்பி, ஆனா ஒரு பக்கமும் திறக்க மாட்டேங்குது." மூன்று மாடி மாணவர் விடுதி ஒன்றில் வைஃபை பார்க்கப் போனபோது வார்டன் அம்மா சொன்ன முதல் வாக்கியம் இது. மாடிக்கு நான்காக மொத்தம் 12 ஆக்சஸ் பாயிண்ட், அதாவது வைஃபை சிக்னல் தரும் பெட்டிகள். எல்லாமே நல்ல கருவிகள். இணைய இணைப்பிலும் குறை இல்லை. லேப்டாப்பில் கேபிளைச் செருகினால் எல்லாம் பறந்தது. கோளாறு ஒரே பக்கத்தில் இருந்தது: ரேடியோ செட்டிங்ஸ். எல்லாவற்றிலும் பவர் உச்சத்தில். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் 40 மெகாஹெர்ட்ஸ் அகலம். சேனல், அதாவது அலைவரிசைக்குள் ஒவ்வொரு கருவியும் பேசும் தடம், ஆட்டோவில் விடப்பட்டிருந்தது. அந்த ஆட்டோ பன்னிரண்டில் ஏழைக் கொண்டுபோய் சேனல் 6இல் உட்கார வைத்திருந்தது. போதாக்குறைக்கு ஐந்து நெட்வொர்க் பெயர்கள்.

புதிதாக ஒரு கருவிகூட வாங்காமல் இரண்டு இரவில் அதைச் சரிசெய்தோம். அந்த வேலையை எந்த வரிசையில் செய்தேன், ஒவ்வொன்றையும் ஏன் செய்தேன் என்று எழுதுகிறேன். வீட்டில் ஒற்றை ரௌட்டர் வைத்திருப்பவருக்கும் இதில் பாதி பொருந்தும்.

முதலில் ஒரு அடிப்படை. ஒரு சேனலில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். எதையும் அனுப்புவதற்கு முன் ஒவ்வொரு வைஃபை கருவியும் காது கொடுத்துக் கேட்கும். காலியாக இருந்தால்தான் அனுப்பும், இல்லையென்றால் காத்திருக்கும். நம் ஆக்சஸ் பாயிண்ட், பக்கத்துக் கட்டடத்து ரௌட்டர், மூலை அறையில் இருக்கும் பழைய போன் எல்லாம் அதே வரிசையில்தான் நிற்கின்றன. அப்படிப் பங்கு போட்டுக்கொள்ளும் நேரத்துக்குத்தான் ஏர்டைம் என்று பெயர். ரேடியோ பக்கத்தில் எந்த அமைப்பைத் தொடும்போதும் நான் கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்றுதான்: இதனால் ஏர்டைம் மிச்சமாகுமா, வீணாகுமா? சிக்னல் கோடுகளைக் கூட்டுவது அந்தப் பக்கத்தின் வேலை என்று நினைத்துக்கொண்டு உள்ளே போனால், விடுதியில் நடந்ததுதான் எல்லா இடத்திலும் நடக்கும்.

எதையும் மாற்றுவதற்கு முன் நடந்து அளக்க வேண்டும். லேப்டாப்பில் ஒரு வைஃபை ஸ்கேனர், கையில் ஒரு நோட்டு போதும். ஒவ்வொரு இடத்திலும் நின்று நான்கு விஷயங்களைக் குறிப்பேன்: எந்த ஆக்சஸ் பாயிண்ட் கேட்கிறது, எந்தச் சேனல், எத்தனை டிபிஎம், சேனல் பயன்பாடு எத்தனை சதவீதம். டிபிஎம் என்பது சிக்னல் பலத்தின் அளவு, மைனஸ் எண்ணில் வரும். பூஜ்யத்தை நெருங்க நெருங்க பலம் அதிகம். மைனஸ் 67 டிபிஎம் வரை இருந்தால் வீடியோ அழைப்பே நன்றாக ஓடும். மைனஸ் 75ஐத் தாண்டினால் திணறத் தொடங்கும். இரைச்சலுக்கும் சிக்னலுக்கும் இடையே 25 டெசிபல் இடைவெளி கிடைத்தால் எனக்கு நிம்மதி.

அன்று என் நோட்டில் இருந்த ஒரு வரி இது: "இரண்டாம் மாடி, படிக்கட்டுத் திருப்பம், இரவு 2 மணி. சேனல் 6, மைனஸ் 44. பயன்பாடு 58." எல்லோரும் தூங்கும் நேரம். யாரும் எதையும் பதிவிறக்கவில்லை. அப்படியிருந்தும் அந்தச் சேனலில் பாதிக்கு மேல் நேரம் நிரம்பியிருந்தது. இந்த 58 எங்கிருந்து வந்தது என்று பிறகு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன்.

இனி அமைப்புகள். முதலில் நாடு. கன்ட்ரோலரில், அதாவது எல்லா ஆக்சஸ் பாயிண்டையும் ஒரே இடத்திலிருந்து அமைக்கும் மென்பொருளில், நாட்டுக் குறியீடு நீங்கள் இருக்கும் நாடாகத்தான் இருக்க வேண்டும். எந்தச் சேனல்கள் வரலாம், எவ்வளவு பவர் போகலாம் என்பதை அதுதான் முடிவு செய்கிறது. கூடுதல் பவர் கிடைக்கும் என்று வேறு நாட்டைப் போட்டு வைத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். அது சட்டமீறல். அதோடு, உங்கள் பகுதியில் விற்கும் போன்கள் அறியாத சேனலில் போய் ஆக்சஸ் பாயிண்ட் நின்றால், அந்த நெட்வொர்க் பெயரே போனில் தெரியாது.

அடுத்தது 2.4 கிகாஹெர்ட்ஸ் சேனல். பட்டியலில் 1 முதல் 11 அல்லது 13 வரை எண்கள் இருக்கும். பார்த்தால் பதின்மூன்று தனித்தனி வழிகள் போலத் தோன்றும், உண்மையில் அப்படி இல்லை. சேனல் 1இன் மையம் 2412 மெகாஹெர்ட்ஸ், சேனல் 2இன் மையம் 2417. ஒவ்வொன்றுக்கும் இடையே வெறும் 5 மெகாஹெர்ட்ஸ். ஆனால் சிக்னலின் அகலம் 20. ஆகவே ஒன்றையொன்று தொடாமல் நிற்கக்கூடியவை 1, 6, 11 என்ற மூன்றுதான்.

"எல்லோரும் 1இலும் 6இலும் இருக்கிறார்கள், நான் 3இல் போய் நின்றுகொள்கிறேன்" என்று பலர் செய்கிறார்கள். காலியான இடத்தைப் பிடித்துவிட்டோம் என்று தோன்றும். நடப்பது வேறு. இருவர் ஒரே சேனலில் இருந்தால், ஒருவர் பேசுவது மற்றவருக்குப் புரியும். முறை வைத்துக் காத்திருப்பார்கள். நீங்கள் 3இல் இருந்தால் 1இல் பேசுபவரின் பாதி சிக்னல் உங்கள் மேல் வந்து விழும், ஆனால் அது உங்கள் கருவிக்குப் பேச்சாகக் கேட்காது, வெறும் இரைச்சலாகக் கேட்கும். அவருக்கும் உங்களுடையது இரைச்சல். இரண்டு பக்கமும் பாக்கெட் (அனுப்பும் தரவுத் துண்டு) உடைந்து, திரும்பத் திரும்ப அனுப்பி, இருவரின் ஏர்டைமும் போகிறது. அதனால் நெரிசலான 6இல் நிற்பது, யாருமில்லாத 3இல் நிற்பதைவிட மேல். அக்கம்பக்கத்தார்மேல் அக்கறை இருந்தாலும் 1, 6, 11க்கு வெளியே போகாதீர்கள்.

அகலத்தை 2.4இல் 20க்கு மேல் வைக்கவே வேண்டாம். 40 வைத்தால் மூன்று சேனலில் இரண்டை ஒருவரே விழுங்கிவிடுவார்.

விடுதியில் இன்னொன்றும் செய்தேன். 12 ஆக்சஸ் பாயிண்டுக்கு மூன்றே சேனல் என்றால், எப்படி மாற்றி மாற்றிப் போட்டாலும் மேல்மாடியும் கீழ்மாடியும் மோதும். எனவே ஐந்தில் 2.4 ரேடியோவையே அணைத்துவிட்டேன். அந்த ஐந்திலும் 5 கிகாஹெர்ட்ஸ் மட்டும் ஓடியது. மிச்ச ஏழையும் ஒரு மாடியில் இடப்பக்கம், அடுத்த மாடியில் வலப்பக்கம் என்று மாறி மாறி வருமாறு வைத்து 1, 6, 11ஐப் பிரித்துக் கொடுத்தேன். அணைக்கிறேன் என்றதும் வார்டன் அம்மா பதறிப்போனார். 2.4 அலை சுவரைத் தாண்டித் தாராளமாகப் பரவும், ஏழே போதும் என்று அவரை நடக்கவைத்துப் போனில் காட்டிய பிறகுதான் சம்மதித்தார்.

5 கிகாஹெர்ட்ஸில் இடம் தாராளம். அங்கே பட்டியலில் வரும் 36, 40, 44, 48 எல்லாம் 20 மெகாஹெர்ட்ஸ் இடைவெளியில் இருப்பதால் ஒன்றோடொன்று உரசாது. கேள்வி அகலம்தான். ஒற்றை ரௌட்டர், பக்கத்தில் கூட்டம் இல்லை என்றால் 80 வையுங்கள். வேகம் நன்றாக இருக்கும். ஆக்சஸ் பாயிண்டுகள் பல இருந்தால் கணக்கு மாறும். 36 முதல் 48 வரையும் 149 முதல் 161 வரையும் எடுத்துக்கொண்டால், 20 அகலத்தில் எட்டு சேனல் கிடைக்கும், 40இல் நான்கு, 80இல் இரண்டே இரண்டு. அகலத்தை ஒவ்வொரு முறை இரட்டிப்பாக்கும்போதும் இரைச்சலின் தளம் 3 டெசிபல் ஏறும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தூரத்து அறையில் இருப்பவருக்கு அந்த 3 டெசிபல் பெரிய இழப்பு. விடுதியில் 40 வைத்தேன். வேகப் பரிசோதனையில் முன்பு தனியாக ஓட்டியபோது வந்த பெரிய எண் இப்போது வராது. ஆனால் எண்பது பேர் ஒன்றாக உட்காரும் மாலை நேரத்தில் எல்லோருக்கும் ஓடும். எனக்கு வேண்டியது அந்த மாலை நேரம்.

இடையில் 52 முதல் 144 வரை உள்ள சேனல்களை ரேடார்களோடு பங்கு போட வேண்டும். அங்கே ரேடாருக்கு வழிவிடச் சொல்லும் டிஎஃப்எஸ் விதி உண்டு. அந்தச் சேனலில் ஏறுவதற்கு முன் ஆக்சஸ் பாயிண்ட் 60 விநாடி சும்மா இருந்து கேட்க வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும்போது ரேடார் துடிப்பு கேட்டால் 10 விநாடிக்குள் சேனலைக் காலி செய்ய வேண்டும், அரைமணி நேரத்துக்குத் திரும்பி வரக்கூடாது. வானிலை ரேடார் இருக்கும் 5600 முதல் 5650 மெகாஹெர்ட்ஸ் பகுதியில் ஐரோப்பிய விதிப்படி முதல் காத்திருப்பே 10 நிமிடம். இதற்காக டிஎஃப்எஸ் சேனல்களை ஒதுக்கிவிடச் சொல்ல மாட்டேன். பல இடங்களில் அவைதான் காலியாக இருக்கும். போட்டுவிட்டு ஒரு வாரம் லாகை (கருவியின் நிகழ்வுப் பதிவை) பாருங்கள். விடுதியில் மூன்றாம் மாடி மேற்குப் பக்கம் மட்டும் திடீர் திடீரென்று அறுந்தது. லாகைத் திறந்தால் ஒரே வாரத்தில் மூன்று முறை ரேடார் பதிவு. அந்த ஒன்றை மட்டும் 44க்கு மாற்றினேன், நின்றுவிட்டது. மற்றவை இன்றும் டிஎஃப்எஸ் சேனலில்தான் ஓடுகின்றன.

இப்போது பவர். அதிகம் தவறு நடக்கும் இடம் இதுதான், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

டிபிஎம் அளவில் ஒவ்வொரு 3 கூடும்போதும் பவர் இரட்டிப்பாகும். 20 டிபிஎம் என்றால் 100 மில்லிவாட், 23 என்றால் 200, 17 என்றால் 50. கூரையில் இருக்கும் ஆக்சஸ் பாயிண்ட் 23இல் அனுப்புகிறது என்று வையுங்கள். பேட்டரியில் ஓடும் போன் பலவும் 15க்குப் பக்கத்தில்தான் அனுப்பும். ஆக்சஸ் பாயிண்ட் சொல்வது போனுக்கு நன்றாகக் கேட்கும், கோடுகள் முழுசாகத் தெரியும். போன் பதில் சொல்வது மூன்று சுவர் தாண்டி ஆக்சஸ் பாயிண்டுக்குக் கேட்காது. பதில் கேட்காததால் அது மறுபடி அனுப்பும், போனும் மறுபடி அனுப்பும். "ஃபுல்லா காட்டுது, ஆனா திறக்க மாட்டேங்குது" என்றால் பாதி நேரம் இதுதான் காரணம்.

இன்னொரு தொல்லை, விடாமல் ஒட்டிக்கொள்வது. படிக்கட்டில் ஒரு மாணவியின் போனை வாங்கிப் பார்த்தேன். முதல் மாடியில் சேர்ந்த ஆக்சஸ் பாயிண்டையே மைனஸ் 69இல் பிடித்துக்கொண்டு இரண்டாம் மாடி வரை வந்திருந்தது. நான்கு மீட்டர் தள்ளி இருந்த இன்னொன்று மைனஸ் 48இல் கேட்டுக்கொண்டிருந்தும் அது திரும்பிப் பார்க்கவில்லை. எந்த ஆக்சஸ் பாயிண்டில் சேர்வது என்று முடிவு செய்வது போன்தான், நாம் இல்லை. இருக்கும் சிக்னல் மைனஸ் 70க்குக் கீழே இறங்கும் வரை ஐபோன் அதையே பிடித்திருக்கும் என்று ஆப்பிள் தன் ஆவணத்திலேயே சொல்லியிருக்கிறது. முதல் மாடியின் பவர் உச்சத்தில் இருந்ததால், இரண்டாம் மாடியில்கூட அந்த எல்லையை அது கடக்கவில்லை. பவரைக் குறைத்தால் எல்லை முன்னாலேயே வந்துவிடும். போன் தானாகவே பக்கத்தில் இருப்பதைத் தேடிக்கொள்ளும்.

நான் வைத்த அளவு: 5 கிகாஹெர்ட்ஸில் 16 டிபிஎம், 2.4இல் 9. இரண்டுக்கும் வித்தியாசம் எதற்கு? ஒரே தூரத்தில் 5 கிகாஹெர்ட்ஸ் சிக்னல் 2.4ஐவிட ஏறத்தாழ 7 டெசிபல் குறைவாகத்தான் வந்து சேரும், சுவர் இருந்தால் இன்னும் குறையும். இரண்டுக்கும் ஒரே பவர் கொடுத்தால் போனுக்கு 2.4 எப்போதும் பலமாகத் தெரியும், கூட்டம் எல்லாம் நெரிசலான பக்கம் போய்ச் சேரும். 2.4ஐ 6 அல்லது 7 டெசிபல் தாழ்த்தி வைத்தால் 5க்கு நியாயமான வாய்ப்பு கிடைக்கும். என் எண்களை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் சுவர்களைப் பொறுத்து 3 டெசிபலாகக் குறைத்துக்கொண்டே வந்து, மூலை அறையில் மைனஸ் 67 நிற்கும் இடத்தில் நிறுத்துங்கள். ஒற்றை ரௌட்டர் வீடு என்றால் 5இல் பவரைக் குறைக்கத் தேவையில்லை.

அடுத்தது, யாரும் எட்டிப் பார்க்காத பெட்டி: குறைந்தபட்ச வேகம். இங்கேதான் அந்த 58க்கு விடை இருந்தது.

ஆக்சஸ் பாயிண்ட் "நான் இருக்கிறேன்" என்று சொல்லும் சிறு அறிவிப்பை பீக்கன் என்கிறோம். ஒவ்வொரு நெட்வொர்க் பெயருக்கும் தனி பீக்கன், 102.4 மில்லிவிநாடிக்கு ஒருமுறை. அது எப்போதும் அனுமதிக்கப்பட்ட மிகக் குறைந்த அடிப்படை வேகத்தில்தான் போகும். 2.4இல் பழைய 802.11பி வேகங்கள் திறந்திருந்தால் அது விநாடிக்கு 1 மெகாபிட். 802.11பி என்பது 1999இல் வந்த வைஃபை தரம். 250 பைட் பீக்கன் அந்த வேகத்தில் போக ஏறத்தாழ 2.2 மில்லிவிநாடி ஆகும். விடுதியில் ஐந்து பெயர்கள். படிக்கட்டுத் திருப்பத்தில் சேனல் 6இல் ஐந்து ஆக்சஸ் பாயிண்ட் கேட்டன. ஐயைந்து இருபத்தைந்து பீக்கன். இருபத்தைந்தை 2.2ஆல் பெருக்கினால் 55 மில்லிவிநாடி. 102.4இல் 55 போனால் பாதிக்கு மேல் காலி! ஒரு மாணவர்கூட போனைத் தொடாமலே சேனலில் 54 சதவீதம் போய்விட்டது. மிச்ச நான்கு, சுற்றியுள்ள கட்டடங்களிலிருந்து வந்தது.

802.11பி வேகங்களான 1, 2, 5.5, 11 நான்கையும் அணைத்தேன். குறைந்தபட்ச அடிப்படை வேகத்தை 12 மெகாபிட் ஆக்கினேன். ஐந்து பெயர்களை இரண்டாகச் சுருக்கினேன்: மாணவர்களுக்கு ஒன்று, அலுவலகத்துக்கு ஒன்று. விருந்தினருக்கு என்று இருந்த மூன்றில் யாருமே சேரவில்லை என்று கன்ட்ரோலரே காட்டியது. 12இல் அதே பீக்கன் 0.2 மில்லிவிநாடிக்குள் முடிந்துவிடும். அதே ஐந்து ஆக்சஸ் பாயிண்ட் அதே சேனலில் இருந்திருந்தால்கூட மொத்தமாக 2 சதவீதம்தான் ஆகியிருக்கும்; சேனலையும் பிரித்துவிட்டதால் அதுவும் ஆகவில்லை. அன்றிரவு அதே திருப்பத்தில் நின்று அளந்தேன்: 6. நோட்டில் 58க்குக் கீழே 6 என்று எழுதியபோது வந்த மகிழ்ச்சி இன்னும் மறக்கவில்லை.

ஒரு எச்சரிக்கை. மிகப் பழைய பிரிண்டர், பார்கோடு ஸ்கேனர் போன்றவை 802.11பி மட்டுமே அறிந்தவையாக இருக்கலாம். அணைப்பதற்கு முன் கன்ட்ரோலரில் இணைந்திருக்கும் கருவிகளின் பட்டியலை ஒருமுறை பாருங்கள். குறைந்தபட்ச வேகத்தை 24 வரை ஏற்றலாம் என்று சிலர் சொல்வார்கள். ஆக்சஸ் பாயிண்டுகள் நெருக்கமாக இருக்கும் அரங்குக்கு அது சரி, தூரத்து அறைகள் இருக்கும் இடத்தில் 12 போதும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பீக்கன் இடைவெளி 100 என்று இருக்கும் (மேலே சொன்ன 102.4 மில்லிவிநாடிதான் அது), தொடாதீர்கள். குரல், வீடியோவுக்கு முன்னுரிமை தரும் டபிள்யூஎம்எம் அணைந்திருந்தால் உடனே போடுங்கள். அது இல்லாமல் 802.11என் தரமும் அதற்குப் பின் வந்தவையும் தங்கள் வேகத்துக்குப் போகாது. பாதுகாப்பில் டிகேஐபி என்ற பழைய குறியாக்க முறை தெரிந்தால், புதிய முறையான ஏஇஎஸ்ஸுக்கு மாற்றுங்கள். டிகேஐபி இருக்கும்வரை எவ்வளவு புதிய கருவியாக இருந்தாலும் 54 மெகாபிட்டைத் தாண்டாது. 802.11கே, 802.11வி இரண்டும் போன் ஒரு ஆக்சஸ் பாயிண்டிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவதற்கு உதவும், போட்டுவிடலாம். அந்த மாற்றத்தை வேகமாக்கும் 802.11ஆர் சில பழைய கருவிகளைச் சேரவிடாமல் செய்யும், அதனால் ஒரு மாடியில் மட்டும் போட்டு இரண்டு நாள் பாருங்கள். சிக்னல் குறைந்தவரை வெட்டிவிடும் குறைந்தபட்ச ஆர்எஸ்எஸ்ஐ அமைப்பை நான் கடைசி வரை தொடுவதில்லை. பவரைச் சரியாக வைத்தால் அதற்குப் பெரும்பாலும் தேவை வராது. தவறாக வைத்தால் மூலை அறைக்காரர் சேர்வதும் விழுவதுமாக இருப்பார்.

6 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ இருந்தால், உங்கள் நாட்டு விதி இடம் கொடுத்தால், போடுங்கள். அங்கே பழைய கருவி எதுவும் வர முடியாது என்பதால் காற்று சுத்தம். கடவுச்சொல் வைத்த நெட்வொர்க் அங்கே டபிள்யூபிஏ3 என்ற புதிய பாதுகாப்பு முறையில்தான் இருக்க வேண்டும். சேனலை 5, 21, 37, 53 என்று 16 எண் தாண்டி வருபவற்றில் வையுங்கள். போன்கள் முதலில் தேடுவது அவற்றைத்தான்.

ஓர் அறையில் மட்டும் 2.4 மோசமாக இருந்தால், செட்டிங்ஸை மாற்றுவதற்கு முன் மேசையைப் பாருங்கள். அலுவலக அறையில் எனக்குக் கிடைத்தது யூஎஸ்பி 3 ஹார்ட் டிஸ்க், ஆக்சஸ் பாயிண்டை ஒட்டியபடி. யூஎஸ்பி 3 கேபிள் 2.4 கிகாஹெர்ட்ஸில் இரைச்சல் கிளப்பும் என்பதை இன்டெல் 2012லேயே அளந்து வெளியிட்டது. ஒரு மீட்டர் தள்ளி வைத்தோம், தீர்ந்தது.

மாற்றங்களை ஒரே இரவில் எல்லாவற்றிலும் கொட்டாதீர்கள். முதலில் கான்ஃபிக் பேக்கப், அதாவது இப்போதுள்ள அமைப்புகளின் நகல். பிறகு முதல் இரவில் சேனலும் அகலமும். ஒரு முழு நாள் விட்டு, அளந்து, அடுத்த இரவில் பவரும் குறைந்தபட்ச வேகமும். ஒவ்வொன்றுக்கும் நோட்டில் தேதி, பழைய எண், புதிய எண். அளக்கும்போது போன முறை நின்ற அதே இடத்தில், அதே போனோடு, அதே நேரத்தில் நில்லுங்கள். போன் மாறினால் டிபிஎம் எண்ணே 5, 6 மாறிவிடும். இரவு அளவு மட்டும் போதாது, எல்லோரும் அறையில் இருக்கும் மாலை எட்டரை மணிக்கும் ஒருமுறை நடங்கள். நான் அப்படி நடந்தபோது மூன்றாம் மாடி கிழக்குக் கோடி அறையில் மைனஸ் 72 வந்தது. அந்தப் பக்கத்து ஆக்சஸ் பாயிண்டில் மட்டும் பவரை 16இலிருந்து 19 ஆக்கிவிட்டு, நோட்டில் குறித்துக்கொண்டு இறங்கினேன்.